கொடி எழுத்து

3 செப்டம்பர் 1979, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். அச்சகத்தில் மை இளகிக் கிடக்கிறது. மேகம் கூடுகிறது, பெரம்பலூரைத் தாண்டிப் போய்விடுகிறது.

இன்றைய வேலை:
லப்பைக்குடிக்காடு ஹனீபா பாய் மகள் நிக்காஹ் கார்டு. இரண்டாவது ஃப்ரூப்.
வாலிகண்டபுரம் காதுகுத்து. அடித்தாயிற்று, மடிக்க வேண்டும்.
உரக்கடை பில் புக்.
கருமாதிக் கடிதம் ஒன்று, சாயந்திரத்துக்குள்.

ஹனீபா பாய் பத்து மணிக்கே வந்துவிட்டார். ஃப்ரூப்பைக் கையை நீட்டி எட்டப் பிடித்துப் பார்த்தார். "எல்லாம் அந்தக் கொடி எழுத்துலயே வரட்டும் அண்ணே. வேற எழுத்துல போட்டா வூட்ல கார்டத் தொடமாட்டாங்க."

கொடி எழுத்து என்று பேர் வைத்ததே அவர்தான். ஆறு வருஷத்துக்கு முன் துபாயிலிருந்து அவர் கொண்டுவந்த அத்தர் டப்பாவில்தான் அந்த மாதிரி இங்கிலீஷ் எழுத்தை முதலில் பார்த்தேன். நிற்கும் கோடு தடிமன். படுக்கும் கோடு மயிரிழை. ஒவ்வொரு கோட்டின் நுனியிலும் மெல்லிய சின்னப் பாதம். டப்பாவைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். தமிழில் இப்படி ஏன் கூடாது என்று இரண்டு வருஷம் கட்டம் போட்ட தாளில் வரைந்து வரைந்து பார்த்தது. திருச்சி பவுண்டரிக்காரர் ஈய அச்செழுத்தாக வார்த்துக் கொடுத்தார். இன்று சுற்றுவட்டாரத்தில் கல்யாணம் என்றால் இந்த எழுத்துதான். அரியலூரிலிருந்துகூட வருகிறார்கள்.

மதியத் தபாலில் பவுண்டரிக்காரர் கடிதம். திருச்சியில் குழந்தைகளுக்கான புத்தகம் போடும் ஒருவர் கொடி எழுத்தைப் பார்த்தாராம். இனி எல்லாப் புத்தகமும் இதிலேயே போட வேண்டும் என்கிறாராம். என் சம்மதம் வேண்டுமாம். மூன்று தடவை படித்தேன்.

பாக்கியத்திடம் சொன்னேன். காதுகுத்து கார்டு மடித்துக்கொண்டிருந்தாள். "நல்லதுதானே" என்றாள். தலையை நிமிர்த்தவில்லை. கல்யாணமாகி இருபத்துநாலு வருஷம் கூடவே இருக்கிறாள். ஒரு சந்தோஷம் காட்டக்கூடாதா. மனசு சுணங்கிவிட்டது.

4 செப்டம்பர், செவ்வாய்

தூறல். ட்ரெடில் மெஷினில் பெடல் கிரீச்சிடுகிறது. எண்ணெய் விட்டேன்.

திருச்சிக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். 'தங்கள் கடிதம் கண்டு மிக்க மகிழ்ச்சி' வரைக்கும் எழுதினேன். அப்போது சரோஜா வந்தது. முதியோர் கல்வி வகுப்பு நடத்தும் பெண். யூனியன் பள்ளிக்கூடத்தின் பின் கட்டிடத்தில், மத்தியானம் இரண்டரையிலிருந்து நாலு வரை, பெண்களுக்கு மட்டும். ஜூலையில் அதற்கான வாசிப்புப் புத்தகத்தை நான்தான் அடித்துக் கொடுத்தேன். முப்பத்திரண்டு பக்கம். கொடி எழுத்தில் வந்த முதல் முழுப் புத்தகம்.

கையில் அதே புத்தகம். முதல் பாடத்தைத் திறந்து என் முன்னால் வைத்தது.

"இது என்ன எழுத்துங்க சார்?"

"ப."

"இது?"

"ட. ஏம்மா?"

"உங்களுக்குத் தெரியுது, எனக்கும் தெரியுது. அவங்களுக்கு இது ரெண்டு குச்சி, இது ஒரு குச்சி. அடியில கோடு இருக்குன்னு நான் சொன்னா, எங்க இருக்குன்னு கேக்குறாங்க சார். தடவிப் பாக்குறாங்க."

காகிதம் மட்டம் என்றேன். மை சரியில்லை என்றேன். முருகேசன் அழுத்தம் சரியாக வைக்கவில்லை என்றும் சொன்னேன். முருகேசன் என் கம்பாசிட்டர், அப்போது எதிரேதான் நின்றுகொண்டிருந்தான்.

"சாதா எழுத்துல போடுங்கன்னு அன்னைக்கே கேட்டேனே சார். அழகா இருந்தாத்தான் கைவைக்கத் தோணும்னீங்க. இருபத்தாறு பேரு வந்தாங்க. இப்ப ஒம்போது. உங்க வூட்டு அம்மாவே வரதில்லயே."

"யாரு?"

"அம்மாதான் சார். உங்க..." என்று நிறுத்திக்கொண்டது. நாக்கைக் கடித்ததைப் பார்த்தேன். எனக்குத் தெரியும் என்று நினைத்திருக்கிறது.

"எப்பலேர்ந்து?"

"ஏப்ரல்லேர்ந்து வந்தாங்க சார். நல்லாப் படிச்சாங்க. ஸ்லேட்ல அவங்க எழுத்துதான் மொதல்ல நிக்கும். புஸ்தகம் வந்த நாலாம் நாளே நின்னுட்டாங்க."

சரோஜா போய் ரொம்ப நேரம் கழித்துத்தான் கையில் பேனா மூடாமல் இருப்பதைப் பார்த்தேன். கடிதத்தில் பெரிய மைப்பொட்டு.

5 செப்டம்பர், புதன்

பாக்கியத்திடம் கேட்கவில்லை. கேட்கத் தெரியவில்லை.

மூன்று மாசம். மத்தியானம் சாப்பிட்டதும் நான் அச்சகத்து பெஞ்சில் கண்ணசருவேன். அவள் பின்தெருவில் பூக்கட்டப் போவதாகச் சொல்வாள். பூ ஒருநாளும் வீட்டுக்கு வரவில்லை. அதைக்கூட நான் கவனிக்கவில்லை.

மதியம் லென்ஸை எடுத்துக்கொண்டு புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். முதல் பாடம்: பட்டம். படம். மடம். இருப்பதிலேயே சுலபமான எழுத்துகள் என்றுதான் ட, ப, ம மூன்றையும் முதலில் வைக்கிறார்கள். மூன்றுக்கும் உயிர் அடிக்கோட்டில். என் எழுத்தில் அந்த அடிக்கோடுதான் மயிரிழை. சொரசொரப்புக் காகிதத்தில் மை அதைத் தொடவே இல்லை. தொட்ட இடத்தில் பாதியில் விட்டுப்போயிருக்கிறது. 'பட்டம்' என்பது இரண்டு குச்சி, தலையில் புள்ளியோடு ஒரு குச்சி, இன்னொரு குச்சி, கடைசியில் புள்ளியோடு ஒரு கொக்கி.

கல்யாணக் கார்டில் இது ஏன் தெரியவில்லை? வழவழப்பான அட்டை. பெரிய எழுத்து. அதைவிட முக்கியம், அங்கே படிப்பவனுக்கு எழுத்து ஏற்கெனவே தெரியும். பாதி கோடு இல்லாவிட்டாலும் கண் போட்டுக்கொள்ளும். கற்றுக்கொள்கிறவள் எதை வைத்துப் போட்டுக்கொள்வாள்?

முருகேசனிடம் நேற்றுச் சொன்னதற்கு வருத்தம் தெரிவித்தேன். "அத விடுங்க" என்றான். பிறகு ஒரு பால்பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து கவிழ்த்தான். எல்லாம் கோடு ஒடிந்த கொடி எழுத்துகள். புத்தகம் அடித்தபோது சேர்ந்தவையாம். "ஜூலையிலயே காட்டலாம்னு பாத்தேங்க. நீங்க அப்ப அந்தப் புஸ்தகத்த எல்லாருக்கும் எடுத்துக் காட்டிக்கிட்டு இருந்தீங்க."

பவுண்டரிக்காரரும் வார்க்கும்போதே சொன்னார்: கோடு நிக்காது சார், ஒடிஞ்சிடும். சொன்னவர்களுக்குக் குறைவில்லை.

7 செப்டம்பர், வெள்ளி

வெயில். கருமாதிக் கடிதம் இரண்டு. நிக்காஹ் கார்டு காய்ந்துவிட்டது.

இன்று பாக்கியம் கார்டுகளை இனம் பிரித்துக் கட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். காதுகுத்துக் கட்டுக்கு மஞ்சள் நூல். நிக்காஹ் கட்டுக்குப் பச்சை. கருமாதிக்கு வெள்ளை. முருகேசன் ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக் கொடுக்கிறான், உடனே நூலைச் சுற்றிவிடுகிறாள். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. இந்த நூல் வழக்கம் எத்தனை நாளாக என்று முருகேசனைத் தனியே கேட்டேன். "நாலஞ்சு வருஷமா இருக்குமுங்க" என்றான்.

லட்சம் கார்டாவது அவள் கையால் மடித்திருப்பாள். என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு நாளும் நான் படித்துக் காட்டியதில்லை.

தலைவலி. சீக்கிரம் படுத்தாயிற்று.

9 செப்டம்பர், ஞாயிறு

அரியலூர். காலை எட்டு மணி பஸ். நிற்க இடமில்லை. மடியில் வெங்காய மூட்டையோடு ஒரு கிழவர், என் காலில் முழு பாரம்.

நான் தொழில் பழகிய அச்சகத்தில் பெரிய சாதா எழுத்து இருக்கிறது, இருபத்துநாலு பாயிண்ட். ஒரே கனம், தடிப்பு மெலிவு இல்லாதது. அதை ஒரு மாசத்துக்குக் கேட்டேன். முதலாளி சிரித்தார். "உங்க எழுத்த வாங்க நாங்க அங்க வரோம். நீங்க எங்க பழசத் தேடி வர்றீங்க." காரணம் சொல்லவில்லை. இரண்டு பெட்டி கொடுத்தார். நல்ல மனுஷன்.

பிறகு மகள் மல்லிகா வீடு. மாப்பிள்ளைக்கு சிமெண்ட் ஆலையில் ஷிஃப்ட், இல்லை. வாசல், துளசி, கொடியில் காயும் துணி எல்லாவற்றிலும் லாரிப் புழுதி. சாப்பாடு போட்டபடி மகள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னப்பா, அம்மாவுக்கு ஒடம்பு கிடம்பு..."

"உங்கம்மா படிக்கப் போனது உனக்குத் தெரியுமா?"

கரண்டி நின்றது. "தெரியும்பா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிச்சு. முழுசாப் படிச்சதுக்கு அப்புறம் சொல்லிக்கலாம்னுச்சு."

"அப்படி என்ன திடீர்னு படிப்பு?"

மல்லிகா மோரை ஊற்றினாள். பிறகு மெதுவாக, "கார்டு மாறிப்போச்சே, நெனப்பிருக்கா?"

இல்லை என்றேன். உண்மையிலேயே இல்லை. அவள் சொன்னாள். மல்லிகா கல்யாணத்துக்கு முந்தின வருஷம். குன்னத்துக்காரர் ஒருவரின் கல்யாணக் கட்டில் பாக்கியம் தவறிப்போய்க் கருமாதிக் கடிதம் பத்துப் பதினைந்தை வைத்துவிட்டாள். அவர்கள் வீட்டில் பிரித்துப் பார்த்துப் பதறிப்போய்த் திரும்பி வந்தார்கள். கடை நிறைய ஆள். நான் பாக்கியத்தைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும், "மாட்டுக்கு முன்னால பஞ்சாங்கத்த விரிச்சு வச்ச கதைதான் இவகிட்ட வேல குடுக்குறது" என்றேனாம்.

"எல்லாரும் சிரிச்சாங்கப்பா. நானும் அங்கதான் இருந்தேன்."

கையைக் கழுவினேன். வெயில்தாழ பஸ் ஏறினேன். வழியெல்லாம் ஞாபகப்படுத்திப் பார்த்தேன். கடன் சொன்னவன் முகம், தப்பு கண்டுபிடித்தவன் முகம் எல்லாம் ஞாபகம் இருக்கிறது. இந்த வார்த்தை மட்டும் இல்லவே இல்லை. சொன்னவனுக்கு ஒரு மத்தியானம். கேட்டவளுக்கு ஐந்து வருஷம்.

10 செப்டம்பர், திங்கள்

கேட்டுவிட்டேன்.

பின்கட்டில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நானும் ஒரு கை எடுத்து உரிக்க ஆரம்பித்தேன். விநோதமாகப் பார்த்தாள்.

"படிக்கப் போனியாமே."

"யாரு சொன்னா?"

"சரோஜா. தெரியாம சொல்லிடுச்சு."

"ம்." உரிப்பதை நிறுத்தவில்லை.

"புஸ்தகம் புரியலன்னா எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"யார்கிட்ட? போட்டவருகிட்டயேவா?"

இன்னொரு வெங்காயத்தை எடுத்துக்கொண்டு அவளாகவே சொன்னாள். "புஸ்தகம் வந்த அன்னைக்கு எல்லாரும் எங்கையிலதான் குடுத்தாளுவ. ஒம் வூட்டுக்காரரு எழுத்து, நீயே மொதல்ல படின்னு. எந்திரிச்சு நின்னேன். ஒண்ணுமே தெரியல. குச்சி குச்சியா இருக்கு. ஸ்லேட்ல தெரிஞ்சதும் மறந்துபோச்சு. நாலு நாளு பாத்தேன். சரி, நம்ம மண்டைக்கு அவ்வளவுதான்னு நெனச்சிக்கிட்டேன்."

"தப்பு எழுத்து மேல. உம்மேல இல்ல."

அப்போதுதான் நிமிர்ந்தாள். கண்ணில் தண்ணீர். வெங்காயமாகவும் இருக்கலாம். "இத அன்னைக்கு சொல்ல ஆளில்லயே" என்றாள்.

கார்டு மாறிய அன்று சொன்னதற்கும் மன்னிப்புக் கேட்க நினைத்தேன். வாய் வரவில்லை. முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

11 செப்டம்பர், செவ்வாய்

அரியலூர் எழுத்தில் முதல் நாலு பாடம் கம்போஸ் செய்தேன். முருகேசனை விடவில்லை, நானே. அழகே இல்லாத எழுத்து. பலகை அடித்த மாதிரி இருக்கிறது. ஆனால் அதே மட்டக் காகிதத்தில் ஒரு கோடு விடாமல் விழுந்தது.

இரண்டு ஃப்ரூப்பையும், அதாவது என் எழுத்தையும் அதையும், பாக்கியத்தின் முன்னால் வைத்தேன். "எது தெரியுது?"

அரியலூர் எழுத்தைக் காட்டினாள். யோசிக்கவே இல்லை.

கொடி எழுத்தின் மேல் விரலை வைத்து, "இது பாக்க நல்லாத்தான் இருக்கு. கோலமாட்டம்" என்றாள். ஆறுதலுக்குச் சொன்னாளோ.

12 செப்டம்பர், புதன்

மழை. கரண்ட் இல்லை. பெடல்தான்.

புத்தி கெட்டுப்போய் நானே சொல்லித்தருகிறேன் என்று ஆரம்பித்தேன். சாப்பிட்டதும் உட்கார்ந்தோம். பட்டம் படித்தாள். படம் படித்தாள். 'மடம்' என்ற இடத்தில் மறுபடியும் 'படம்' என்றாள். நன்றாகப் பார் என்றேன். 'படம்.' மூன்றாவது தடவை என் குரல் எகிறிவிட்டது. "எத்தன தடவ சொல்றது!" முருகேசன் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து திரும்பிப் பார்த்தான்.

அவள் தாளை நாலாக மடித்தாள், கார்டு மடிப்பதுபோலவே ஓரம் பார்த்து. "நீங்க அச்சடிங்க. எனக்கு வேல கெடக்கு."

திருந்துகிறவன் மாதிரி ஒரு நாள்தான் இருக்க முடிந்தது என்னால்.

13 செப்டம்பர், வியாழன்

விடிந்ததும் பேசினேன். அடுப்படி வாசலில் நின்றுகொண்டே. நேற்றுக் கத்தியதற்கு, ஐந்து வருஷத்துக்கு முன் சொன்ன மாட்டுப் பேச்சுக்கு, புத்தகத்துக்கு, எல்லாவற்றுக்கும் சேர்த்து. எழுதி வைத்துப் படித்ததுபோல வந்தது எனக்கே.

கேட்டாள். பாலை இறக்கி வைத்தாள்.

"மன்னிப்பெல்லாம் எதுக்குங்க. நீங்க பேசுறது எனக்குப் பழகிப்போச்சு." பிறகு, "கல்யாணம் ஆகி வந்ததுலேர்ந்து எல்லாமே உங்களுக்குத் தெரிஞ்சுதான் நடந்துச்சு. எது வாங்குனாலும், எங்க போனாலும். அந்த மூணு மாசந்தான் உங்களுக்குத் தெரியாம எனக்குன்னு ஒண்ணு இருந்துச்சு. அதுவும் போச்சு பாருங்க."

கோபமாகச் சொல்லவில்லை. காபியைக் கையில் கொடுத்தாள்.

வேறு எதுவும் எழுத ஓடவில்லை இன்று.

15 செப்டம்பர், சனி

திருச்சிக் கடிதம் பன்னிரண்டு நாளாக மேஜையில். உண்மையை இங்கேயாவது எழுத வேண்டும்: ஒவ்வொரு நாளும் சம்மதம் என்று எழுதிவிடலாமா என்று தோன்றிக்கொண்டுதான் இருந்தது. அங்கே காகிதம் நன்றாக இருக்கும், பெரிய மெஷின், கோடு விழும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். என் எழுத்தில் ஊர் உலகத்துப் பிள்ளைகள் படிக்கும். அந்த ஆசை லேசில் விடுகிறதா.

இன்று எழுதிப் போட்டுவிட்டேன். நகல்:

'இந்த எழுத்து கார்டுக்கு, தலைப்புக்கு, கடைப் பெயருக்கு ஆகும். வழவழப்பான தாளில், பதினெட்டுப் பாயிண்டுக்கு மேல் மட்டும். புதிதாகப் படிக்கிறவர்கள் கையில் கொடுக்க ஆகாது. அடிக்கோடு நிற்காது என்று தாங்கள் அன்று சொன்னது சரி. நான் கேட்கவில்லை. புத்தகக்காரரிடம் சொல்லிவிடவும்.'

தபால் பெட்டியில் போட்ட பிறகு, கையை உள்ளே விட்டு எடுக்க முடியுமா என்று ஒரு கணம் பார்த்தேன். வெட்கம்.

நிக்காஹ் கார்டு வாங்கிப் போக ஹனீபா பாய் வந்தார். "மாஷா அல்லாஹ்! கார்டா இது, நகை மாதிரில்ல இருக்கு." சந்தோஷப்பட முடியவில்லை. முகத்துக்காகச் சிரித்து வைத்தேன்.

20 செப்டம்பர், வியாழன்

புரட்டாசி பிறந்ததிலிருந்து கல்யாண வேலை கம்மி. புத்தகம் முழுக்க மறுபடி அடித்து முடித்தோம். சாதா எழுத்து, முப்பத்திரண்டு பக்கத்துக்கு நாற்பது ஆகிவிட்டது. தையலும் ஆயிற்று. சரோஜாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். காசு வேண்டாம் என்றேன்.

புரட்டிப் பார்த்தது. "இதத்தான் சார் கேட்டேன்." அவ்வளவுதான். பிறகு, "ஒம்போது பேருக்கு ஒம்போது புஸ்தகம் போதும். மத்ததக் கட்டி வைக்கிறேன்."

"நின்னவங்க திரும்ப வரமாட்டாங்களா?"

"கேட்டுப் பாத்தேன் சார். நெறையப் பேரு கடலக் காட்டுக்கு களையெடுக்கப் போயிட்டாங்க. அப்பறம் பருத்தி. ஒரு தடவ நமக்கு வராதுன்னு வீட்ல சொல்லிட்டாங்கன்னா, மறுபடி ஸ்லேட்டத் தூக்கிட்டுக் கெளம்ப முடியுமா சார்? சிரிப்பாங்கல்ல."

பதினேழு பேர். பாக்கியத்தைத் தவிர ஒருத்தி பேர்கூட எனக்குத் தெரியாது. கேட்டு எழுதிக்கொள்ளலாமா என்று நினைத்தேன். எழுதிக்கொண்டு என்ன செய்ய?

திங்கட்கிழமையிலிருந்து, அதே இரண்டரை மணிக்கு, புதுப் புத்தகத்தில் பாடம் என்றது சரோஜா. பாக்கியத்திடம் நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று சரோஜாவிடமும் கேட்டுக்கொள்ளவில்லை.

24 செப்டம்பர், திங்கள்

காலையில் வெயில், மதியம் இருட்டிக்கொண்டது. அரியலூர் எழுத்தைத் திருப்பிக் கொடுக்கக் கழுவி, எண்ணிப் பெட்டியில் அடுக்கினோம். ஒன்றும் ஒடியவில்லை. ஒரு கருமாதிக் கடிதம் வந்தது. எந்த எழுத்தில் என்று முருகேசன் கேட்டான். கொடி எழுத்திலேயே என்றேன், பெரிதாக.

சாப்பிட்டுப் பெஞ்சில் படுத்தேன். தூக்கம் இல்லை, கண்ணை மூடியிருந்தேன். பாக்கியம் சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"கடைக்குப் போயிட்டு வரேங்க."

கையில் பை இல்லை. எந்தக் கடை என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது.

"மழ வரும்போல இருக்கு, கொடைய எடுத்துக்க" என்றேன், கண்ணைத் திறக்காமல்.

மணி இரண்டு இருபது. மழை மூன்று மணிக்குப் பிடித்தது. நாலேகாலுக்குத்தான் விட்டது.